புல்லுக்குப் பட்டா ஆரு குடுத்தா அம்மிணி?

அம்மிணி, மேய்ச்சல் நிலத்தைப் பத்தி அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்றேன்னு நீ சொன்னப்ப நான் சிரிச்சேன்னு மனசுல வெச்சுக்காதே. அது கேலிச் சிரிப்பு இல்லை, வயித்தெரிச்சல். எங்க ஊர்ப் பக்கம் மாடு மேய்க்கிறவனுக்குப் பொண்ணு குடுக்க நாலு தடவை ரோசிப்பாங்க. இங்க மாடு மேயறதைப் பத்தி எழுதறவங்களுக்கு உதவித்தொகை குடுத்து, கடைசியில டாக்டர்னு பட்டமும் கட்டறாங்க. சிரிக்காம என்ன பண்றது?

மகன் வீட்டுக்கு வந்த கெழவன் சும்மா கெடக்காம புத்தி சொல்றான்னு நெனச்சுக்காதே. மூலனூர்ப் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நெலத்துலயே காலம் தள்ளினவன் நான். எனக்குப் பட்டதைச் சொல்றேன். வேணுங்கறதை எடுத்துக்க, வேண்டாததை அடிக்குறிப்புல போட்டுரு. அதை ஆரும் படிக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்னே.

நீ ஆராயற நம்மூரு பர்கூர் மலையைச் செயற்கைக்கோள் படத்துல பாக்கறதுக்கு முன்னாடி, ஜன்னல் வழியா ஒரு தடவை வெளிய பாரு. இந்த பிஸ்கட்டவேயில புல்லு இல்லாத எடம் உண்டா? வீட்டு முன்னாடி புல்லு, பின்னாடி புல்லு, ஆபீசைச் சுத்திப் புல்லு. ஒரு வாய் தின்ன ஒரு மாடு கெடையாது. வெட்டறதுக்கு மிசினு, உரம் போட ஆளு. அந்த ஆளும் லேசுப்பட்டவன் இல்லை. நியூ ஜெர்சியில 2011ல வந்த உரச் சட்டப்படி உங்க ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் வெக்கிற பரீட்சையில தேறிச் சான்றிதழ் வாங்கினவன். எங்க கொறங்காட்டுக்கு இத்தனை காலம் உரம் போட்டது செம்மறியாடு. பாவம், அதுக்கு ஒரு சான்றிதழும் இல்லை.

புல்லுக்குன்னே உங்க பல்கலைக்கழகத்துல ஒரு மையம் இருக்குது. ரீட் ஃபங்க்னு ஒரு பேராசிரியர் அங்க பேரு வாங்கினவரு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்குல பழைய புல்தரையில இருந்து செடி பொறுக்கிட்டு வந்து, தேறினதை வளத்து, 1967ல ‘மேன்ஹாட்டன்’னு ஒரு ரகம் வெளியிட்டாரு. இன்னிக்கு வீட்டுக்கு வீடு விரிச்சிருக்கற புல்லு ரகங்களுக்கு அது ஒரு பாட்டி. பிற்பாடு, புல்லுக்குள்ளயே குடியிருக்கற ஒரு பூஞ்சக்காளான் பூச்சியை அண்டவிடாம பண்ணுதுன்னு கண்டுபுடிச்சு, அதையும் ரகத்துல சேத்தாங்க. அதே சாதிப் பூஞ்சை இருக்கற ஃபெஸ்க்யூ புல்லை மாடு தின்னா மாட்டுக்கு நோவு வருது. அதாவது, மாடு தின்னக் கூடாத புல்லை உண்டாக்கறதுல உலகத்துக்கே வாத்தியார் உன்ற பல்கலைக்கழகம். நீ போயும் போயும் அங்க வந்து மேய்ச்சல் படிக்கறே. தைரியசாலி!

அந்த சென்ட்ரல் பார்க்குல 1934 வரைக்கும் செம்மறி மேஞ்சுட்டு இருந்துது தெரியுமா? அந்தப் புல்வெளிக்கு இன்னும் ஆட்டுப் பேருதான். ராபர்ட் மோசஸ்னு ஒரு பெரிய அதிகாரி வந்தாரு, ஆட்டை ஓட்டிட்டாரு, பட்டியை ஓட்டலா மாத்திட்டாரு. ஆட்டையும் மேய்க்கறவனையும் பூங்காவை விட்டு அனுப்பிப்போட்டு, புல்லை மட்டும் விதையெடுத்து வித்துட்டாங்க.

அதே 1934ல மேக்குச் சீமையில என்ன நடந்துதுன்னு நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், நான் சொல்றதைக் கேளு. டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்துது. அதுவரைக்கும் சர்க்கார் பொறம்போக்குல ஆரு வேணும்னாலும் ஓட்டிட்டுப் போயி மேய்ச்சுக்கலாம். புல்லு அழிஞ்சு மண்ணு பறந்துது, வாஸ்தவம். சட்டம் வந்து, அனுமதிச் சீட்டு வாங்கணும்னுது. சீட்டு ஆருக்கு? பக்கத்துல சொந்தமா நெலமோ தண்ணியோ வெச்சிருக்கறவனுக்கு. மலை மலையாப் போயி மேய்ச்சுட்டு இருந்த பாஸ்க் நாட்டு இடையனுக்கு நெலமும் இல்லை, பல பேருக்குக் குடியுரிமையும் இல்லை. நம்ம ராமநாதபுரத்துக் கீதாரியைத் தாலுகா ஆபீசுல நிறுத்தி, ‘மேச்சலுக்கு அனுமதி வேணுமா, பட்டா எடு’ன்னு கேட்டா அவன் எதை எடுப்பான்? புல்லைக் காப்பாத்தறேன்னு வந்த சட்டம், முன்னயே நெலம் வெச்சிருந்தவனைக் காப்பாத்துச்சு.

சீட்டு கெடச்சவனுக்கு என்ன வெலைங்கற? ஒரு பசுவும் கன்னும், இல்லாட்டி 5 ஆடு, ஒரு மாசம் மேய 2019ல இருந்து 2025 வரைக்கும் 1 டாலர் 35 சென்ட். இங்க ஒரு காப்பி அந்த வெலைக்கு வராது. தனியார் நெலத்துல மேய்ச்சா அதைவிடப் பல மடங்கு. அந்த 1.35ங்கறது சும்மா வந்துது இல்லை. அதுக்குக் கீழ எறங்கக் கூடாதுன்னு 1986ல ரீகன் போட்ட அடிவெலை. அடிவெலை போட்டாலும் போட்டாங்க, வருசக்கணக்கா அதுலயே பாய் விரிச்சுப் படுத்துக்குச்சு. அதையும் கட்டமாட்டேன்னு நெவாடாவுல ஒரு பண்ணைக்காரர் 1993ல இருந்து முரண்டு புடிச்சு, 2014ல மாட்டை ஓட்ட வந்த சர்க்கார் ஆளுங்களுக்கு எதுத்தாப்பல துப்பாக்கியோட ஆளுகளை நிறுத்தினாரு. சர்க்காரு திரும்பிப் போச்சு. எங்க ஊர்ல ஆட்டுக்காரன் கையில தொரட்டி இருந்தாலே கேசு.

உன் மேசையில கெடந்த புத்தகத்தை என் பேரன் படிச்சுச் சொன்னான். பெர்க்லியில பேராசிரியரா இருக்கற நேதன் சேயர், 2017ல மேய்ச்சல் நில அறிவியலோட சரித்திரத்தை எழுதியிருக்காரே, அது. எனக்கு ரொம்பப் புடிச்சுது அதுல வர்ற ஆரிகன் கதை. 1907ல வாலோவா மலையில, ஓநாய் சாதி நொழையாத மாதிரிப் பெரிய வேலி போட்டு, செம்மறியை உள்ள விட்டாங்க. வேலியைச் சுத்திக் காவலுக்கு ஒரு வேட்டைக்காரன். உள்ள இடையன் கெடையாது. ஆடு அதும்பாட்டுக்குப் பரவலா மேஞ்சுது, புல்லு மிதிபடலை, அதே நெலம் கூட ஆட்டைத் தாங்குதுன்னு முடிவு எழுதினாங்க. எழுதினது பொய்யில்லை. ஆனா கணக்கை நல்லாப் பாரு: வேலிக்குச் சம்பளம் வேண்டாம், இடையனுக்கு வேணும். நிலத்தோட தாங்குதிறன்னு ஒரு எண்ணு போட்டு, இடையனை வரவு செலவுல இருந்து கழிச்சுட்டாங்க. அந்தப் பரிசோதனைக்கு அப்பறம் அந்த அறிவியல் போன தெசையே வேலியும் ஓநாய் ஒழிப்பும்தான்னு சேயர் சொல்றாரு. பாதித் தெசை மாறிப்போச்சுன்னு எனக்குத் தோணுது; மாறாத பாதி நம்ம வனத்துறை ஆபீசுல பத்திரமா இருக்குது.

அந்தத் தாங்குதிறன் எண்ணை நம்பி மோசம் போகாதே. மழை ஒரு சீரா பெய்யற சீமைக்கு அது செல்லும். மூலனூருக்குச் செல்லுமா? ஒரு வருசம் ஐப்பசியில கொட்டும், அடுத்த வருசம் தைக்கு முன்னாடியே கொழுக்கட்டைப் புல்லு காஞ்சு போகும். ஏக்கருக்கு இத்தனை மாடுன்னு எந்த வருசத்தைப் பாத்து எழுதுவே? கென்யாவுல துர்கானா நாட்டை வெச்சு எல்லிஸும் ஸ்விஃப்டும் 1988லயே இதைச் சொல்லிட்டாங்க: மழை நிலையில்லாத பூமியில மாட்டு எண்ணிக்கையை விட மழைதான் புல்லை ஆளுது, மாட்டோட எடம் மாறிப் போறவன் புத்திசாலி. படிச்சவங்க சொன்னதும் அது கண்டுபுடிப்பு ஆயிப்போச்சு. எங்க அய்யன் சொன்னப்ப அது வெறும் வாய்.

ஹார்டினையும் நீ மேற்கோள் காட்டித்தான் ஆகணும், அதுக்குப் பரீட்சையில மார்க் உண்டு. அவரு 1968ல எழுதினாரு: எல்லாத்துக்கும் பொதுவான மேய்ச்சல் தரையை நெனச்சுக்கங்க, ஒவ்வொருத்தனும் ஒரு மாடு கூடச் சேப்பான், தரை நாசமாப் போகும். நெனச்சுக்கங்கன்னுதான் சொன்னாரு, பாத்தேன்னு சொல்லலை. அவரு உயிரியல் வாத்தியாரு. பொதுத்தரைக்கு ஊர்க்கட்டு இருக்கும், மீறினா தெண்டம் இருக்கும், மந்தையை மடக்கித் தொண்டுப்பட்டியில அடைப்பாங்கன்னு அவருக்கு ஆரும் சொல்லலை போல. கட்டுப்பாடில்லாத பொதுன்னு சொல்லியிருக்கணும்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டாரு. அதுக்குள்ள உலகம் பூராவும் பொதுத்தரையை வேலி போட்டுப் பிரிக்க அந்த ஒரு கட்டுரை சாட்சியா நின்னுருச்சு. எலினார் ஆஸ்ட்ரம்னு ஒரு அம்மா வந்து, சுவிட்சர்லாந்துல டோர்பெல்னு ஒரு மலைக்கிராமத்துக் கட்டைக் காட்டினாங்க. 1517ல எழுதி வெச்ச கட்டு: குளிர்காலத்துல எத்தனை மாட்டுக்குத் தீவனம் போட உன்னால முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில மலைக்கு ஓட்டலாம். எவ்வளவு லேசான ரோசனை பாரு! வட்டாட்சியர் வேண்டாம், கருவி வேண்டாம். சேத்து வெச்ச தீவனத்தை எண்ணினாப் போதும். அந்த அம்மாவுக்கு 2009ல நோபல் குடுத்தாங்க. எழுதி வெச்ச சுவிஸ் கெழவனுங்களுக்கு ஒண்ணும் போகலை.

சரி, புல்லை விடு. நெலத்துக்கு வருவோம். உன் தலைப்புல ‘நில உரிமை’ன்னு வேற போட்டிருக்கே. உனக்கு மாசாமாசம் காசு தர்ற ரட்கர்ஸோட சொத்துக் கதையை எப்பவாச்சும் கேட்டிருக்கியா? 1862ல மாரில் சட்டம். காலேஜ் நடத்த ஒவ்வொரு மாநிலத்துக்கும், நாடாளுமன்றத்துல இருக்கற தலைக்கு 30,000 ஏக்கர். நியூ ஜெர்சிக்கு ஏழு தலை, 2,10,000 ஏக்கர். இங்க அவ்வளவு சர்க்கார் நெலம் ஏது? அதனால மேக்க இருக்கற நெலத்துக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. 1864ல ரட்கர்ஸ் அந்தச் சலுகைக் காலேஜ் ஆச்சு. சீட்டை ஏக்கருக்கு ஒரு டாலரும் தேறாத வெலைக்கு வித்து வட்டியில காலேஜை நடத்தினாங்க. அந்த நெலமெல்லாம் ஆரோடது? அங்க காலங்காலமாப் பொழச்ச பழங்குடி மக்களோடது. நாடு முழுக்க இந்தக் கணக்குல கைமாறினது ஒரு கோடி ஏக்கருக்கு மேல, ஏறக்குறைய 250 பழங்குடிக் கூட்டத்தோட பூமின்னு 2020ல ஒரு பத்திரிகை பத்திரம் பத்திரமாத் தேடி எழுதுச்சு. நீ உக்காந்து எழுதற நாக்காலிக்கு ஒரு கால் அந்த நெலத்துலதான் நிக்குது. இதை முன்னுரையில போடு. உன் பேராசிரியர் அடிச்சாலும் அடிப்பாரு. பென்சில்ல எழுதி வையி.

இந்த பிஸ்கட்டவே ஊரே லெனாபே மக்களோட பூமி. 1666ல வடக்க இருந்து வந்தவங்க வாங்கினோம்னு எழுதிக்கிட்டாங்க. அவ்வளவு பின்னாடி போக வேண்டாம்னா, 1999ல இருந்து பாரு. சவுத் வாசிங்டன் அவென்யூவுல ஒரு பால் பண்ணை நெலம், 75 ஏக்கர். ஒரு குடும்பம் தலைமுறையா வெச்சிருந்துது. கட்டடம் வந்துரப் போகுது, திறந்தவெளியைக் காப்பாத்தறோம்னு நகராட்சி கையகப்படுத்திருச்சு. விவசாயி கையில இருக்கற வயலைக் காப்பாத்த விவசாயியை வெளிய அனுப்பினாங்க! வழக்கு வருசக்கணக்கா இழுத்து, எந்த வருசத்து வெலையைக் குடுக்கறதுங்கற சண்டை 2008ல மேல்முறையீட்டுக் கோர்ட்டு வரைக்கும் போச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்தக் குடும்பத்துக்குக் கோர்ட்டுல பெரிய தொகையே தீர்ப்பாச்சு. பத்திரம் இருந்துது, வக்கீல் வெச்சாங்க. பத்திரமில்லாம மேய்ச்சவனா இருந்தா பஸ் ஏத்தி விட்டிருப்பாங்க.

இதுக்கு நேரெதிரா இன்னொரு கூத்தும் இந்த மாநிலத்துல நடக்குது. 1964ல வந்த சட்டம்: 5 ஏக்கரா பண்ணையம் பண்ணினா நெலவரியில பெரிய தள்ளுபடி. வருசத்துக்கு முதல் 5 ஏக்கர்ல 500 டாலர் வித்துக் காட்டினாப் போதும்னு இருந்துது. ரொம்ப மானம் போகுதுன்னு அப்பறம் 1000 ஆக்கினாங்க. மாளிகை கட்டினவங்க நாலு செம்மறியும் கொஞ்சம் தேனீப் பொட்டியும் வெச்சு விவசாயி ஆயிட்டாங்க. எங்க ஊர்ல விவசாயி மகன் சாப்ட்வேர் ஆகறான். இங்க பெரிய பணக்காரன் வரி கட்டற நாள்ல மட்டும் ஆட்டுக்காரன் ஆகறான். நீ ஆராய்ச்சி பண்ண வேண்டிய ஆடு அதுதான் அம்மிணி. சுத்துவட்டாரத்துல அதைப்போல வருமானம் தர்ற ஆடு வேற இல்லை.

டெக்சாஸ்க்கு நான் போகலை. அங்க தலைமைச் செயலகம் கட்டினதுக்குக் கூலியா 30 லட்சம் ஏக்கர் மேய்ச்சல் காட்டை எழுதிக் குடுத்தாங்க, அதுதான் எக்ஸ்ஐடி பண்ணை. அந்தப் பண்ணை வர்றதுக்கு முன்னாடியே, 1883ல, மேய்ச்சல் தரையை அடைச்ச வேலிக் கம்பியை அந்த மாநிலத்துல ராத்திரியோட ராத்திரியா வெட்டினாங்க. அடுத்த வருசமே வெட்டறது பெரிய குத்தம்னு சட்டம். மத்தபடி கேக்க ஒண்ணுமில்லை.

இப்ப நீ என்னைக் கேப்பே: தாத்தா, உங்க கொறங்காட்டுலயும் வேலிதானே? ஆமா, வேலிதான். நானும் பட்டாக்காரன்தான், மறைக்க என்ன இருக்குது. கிளுவை வேலி, உள்ள வெள்வேல மரம், தரையில கொழுக்கட்டைப் புல்லு. ஒரு பட்டியை மேய விட்டு ஒரு பட்டியை ஆறப் போடுவோம். மயிலை மாடும் செவலை மாடும் பொறந்து வளந்தது அந்த வேலிக்குள்ள. ஆனா, காஞ்ச காலத்துல செம்மறிக்காரன் வந்தா மேய உடுவோம், வயல்ல கெடை போடச் சொல்லிக் கூலியும் குடுப்போம். வேலிக்கு ஒரு கடவு இருந்துது. கடவை அடைச்சுட்டுப் புல்லை மட்டும் படம் எடுத்தா அதுக்குப் பேரு மேலாண்மை இல்லை. பட்டா இல்லாதவங்களுக்கு மேய்ச்சல் புறம்போக்கு இருந்துது. இப்ப அதுல பஸ் ஸ்டாண்டு இருக்கும், ஆபீசு இருக்கும், கட்சிக்காரர் தோப்பு இருக்கும். 2011ல உச்ச நீதிமன்றமே பொது நெலத்தை ஊருக்கு மீட்டுக் குடுங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் சொல்லிருச்சு. சொன்னது காதுல விழுந்திருக்கும். மாடு இன்னும் ரோட்டோரந்தான் மேயுது.

நீ படம் எடுத்து வெச்சிருக்கற பர்கூர் மலையோட சங்கதி இன்னும் கடுசு. செவப்புல வெள்ளைத் திட்டு விழுந்த மாடு, காட்டுக்குள்ள பட்டி போட்டு மாசக்கணக்கா மேய்க்கிற மக்கள். 2006ல வந்த வன உரிமைச் சட்டம் மேய்ச்சலும் உரிமைன்னு எழுதியிருக்குது, காடு மாறி மேய்க்கறவனையும் சேத்து. தமிழ்நாட்டுல கோர்ட்டுத் தடையில பட்டா குடுக்கறதே நின்னு, 2016ல உச்ச நீதிமன்றம் தடையை எடுத்தப்பறந்தான் வண்டி நகந்துது. 2022 மார்ச்சுல சென்னை உயர் நீதிமன்றம் எந்தக் காட்டுலயும் மாடு மேயக் கூடாதுன்னுது. கூக்குரல் எழுந்தப்பறம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் இதுகளோட நிறுத்திக்கிச்சு. அப்பாடான்னு இருந்தாங்க பர்கூர் மலைக்காரங்க. 2024 ஜனவரியில அவங்க காடே தந்தை பெரியார் சரணாலயம் ஆயிருச்சு. மாடு ஒரு அடி நகரலை; காட்டுக்குப் பேரு மாறிப்போச்சு, மேஞ்சது குத்தமாப் போச்சு. காட்டுயிர் வேண்டாம்னு நான் சொல்லலை. யானை இல்லாத மலை எனக்கும் வேண்டாம். ஆனா மாடு மேயறதால காடு கெடுதா, எங்க கெடுது, எந்த மாசம் கெடுதுன்னு பட்டிக்காரனை வெச்சு ஆரு கணக்கெடுத்தா? அதைத்தான் நீ பண்ணணும். அதுக்குத்தான் படிச்சே.

இப்ப நான் சொல்ல வந்த விசயம். அந்த வன உரிமைச் சட்டத்தோட விதிகளைத் தேடிப் படி. உரிமைக்குச் சாட்சியம் என்னென்னன்னு ஒரு பட்டியல் இருக்குது. அதுல, ஊர்ப் பெரியவங்க சொன்னதை எழுதி வாங்கினா அதுவும் சாட்சியம். பேரு பெத்த நிறுவனங்க பழக்கவழக்கத்தைப் பத்திச் செஞ்ச ஆய்வும் சாட்சியம். 2012ல திருத்தினப்ப, செயற்கைக்கோள் படம் மத்த சாட்சியத்துக்குத் துணையாத்தான் இருக்கலாம், அதுக்குப் பதிலா நிக்கக் கூடாதுன்னும் சேத்துட்டாங்க. பாத்தியா? சட்டத்துல கெழவன் வாய்க்கு இருக்கற மரியாதை உன் படத்துக்கு இல்லை. எனக்கு அதுல கொஞ்சம் சந்தோசம், மறைக்கலை.

அதனால கண்ணு, வர்ற ஆடிக்கு அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்கு வா. மலைக்காரங்க மாட்டோட எறங்குவாங்க. கேள்வித்தாளை நீட்டிக்கிட்டு நிக்காதே. மாட்டுக்குப் பல்லுப் பாக்கத் தெரியுமான்னு கேட்டுட்டுச் சிரிப்பாங்க, சிரிக்கட்டும். பட்டி எங்க போட்டாங்க, எந்த ஓடையில தண்ணி காட்டினாங்க, வனத்துறை மேய்ச்சலுக்குப் போட்ட பழைய ரசீது ஆரு பொட்டியில இருக்குதுன்னு கேட்டு, தமிழ்ல எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, கிராம சபைக்குக் குடு. இங்கிலீசுல நீ எழுதற கட்டுரையோட ஒரு நகலும் அந்த மனுக்கட்டுல இருக்கட்டும். விமான டிக்கெட்டை ரட்கர்ஸ் கணக்குலயே போடச் சொல்லு. 2,10,000 ஏக்கர் வித்த காசுல வளந்தவங்க, ஒரு டிக்கெட்டுக்கு மூக்கால அழ மாட்டாங்க.